ஃபைலின் தலையில் ஒரு பெயர்

ஜூன் 3, திங்கள்

இன்று என் கையில் ஒரு விளக்குமாற்றைக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் ஜெகதீசன் சார். எங்கள் கம்பெனியின் தலைமை சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட். ரிசப்ஷனில் மாலை போடாத குறையாக ஃபோட்டோவில் சிரித்துக்கொண்டிருப்பவர்.

"ஏம்மா கோகி, நம்ம ஓ.எஸ். ஹெடர் ஃபைலெல்லாம் ஒரே குப்பையாக் கெடக்குது. ஸ்டாண்டர்டு ஆடிட்டுக்கு மெட்ராஸ்ல இருந்து ஆள் வராங்க. நீ உக்காந்து ஒழுங்கு பண்ணிரு. மூளைக்கு வேலையெல்லாம் ஒண்ணுமில்ல, வீடு கூட்டற மாதிரிதான்."

"சரிங்க சார்" என்றேன். கூட்டுகிறேன் ராசா, உன்னையும் சேர்த்தே கூட்டுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சிவராஜிடம் சொன்னால், "ஹெடர்னா என்ன புள்ள?" என்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து! மோட்டார் காயில் கட்டுகிற மனுஷனுக்கு எப்படிச் சொல்வது? உங்கள் பட்டறைக்குப் பக்கத்து மெஸ் வாசலில் இன்று என்ன இருக்கிறது என்று போர்டு வைக்கிறார்களே, அதுதான் ஹெடர் என்றேன். சமையல் உள்ளே. போர்டில் ஃபங்ஷனின் பெயரும், என்ன கொடுத்தால் என்ன திரும்பக் கிடைக்கும் என்பதும் மட்டும் இருக்கும். எங்கள் போர்டில் எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது. ஊர் உலகம் ஒப்புக்கொண்ட ஸ்டாண்டர்டில் உள்ளவை, பழைய ஸ்டாண்டர்டில் இருந்து பிறகு தூக்கிவிட்டவை, எதிலும் இல்லாமல் எங்கள் ஆட்கள் இஷ்டத்துக்குச் சொருகியவை. புரோகிராம் எழுதுகிறவர் எந்த ஸ்டாண்டர்டைக் கேட்கிறாரோ அதில் உள்ளது மட்டும்தான் அவர் கண்ணில் பட வேண்டும். மற்றது மறைய வேண்டும். அதைப் பிரித்து அடுக்குவதுதான் என் வேலை.

"அட, நல்ல வேலைதானே?" என்றார். நல்ல வேலைதான். சாம்பார் வைக்கப் போகிறேன்.

ஜூன் 5, புதன்

ஒவ்வொரு ஃபைலாகத் திறக்கிறேன். ஒவ்வொன்றின் தலையிலும் 'எழுதியவர்: ஜெகதீசன்' என்று இருக்கிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

இந்த ஃபைல்களை எழுதியது நான். கோகிலவாணி. மருத்துவமனைகளில் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புகளுக்காக இந்தக் கம்பெனி சொந்தமாக ஒரு ஓ.எஸ். செய்ய ஆரம்பித்தபோது, முழுகாமல் இருந்த வயிற்றோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எழுதினேன். தருண் நாள் முந்திப் பிறந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். லீவு நீண்டுபோனது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

திரும்பி வந்தபோது ஃபைல்களில் என் பெயர் இல்லை. ஒரே கட்டளை. எல்லா ஃபைலிலும் என் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர். அதைக் காட்டி மேடை ஏறிப் பரிசு வாங்கிவிட்டார். கேட்டேன். "பேர்ல என்னம்மா இருக்குது? எல்லாம் கம்பெனி சொத்து. நீ முதல்ல கொழந்தையப் பாரு" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் கடைசியில் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

வருகிற வழியில் கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

கிடைத்துவிட்டது!

ஸ்டிரிங் ஹெடர் என்று ஒன்று உண்டு. எழுத்துகளைக் கையாளும் ஃபங்ஷன்களின் இடம். ஸ்டாண்டர்டு அதில் என்னென்ன இருக்கலாம் என்று கறாராகச் சொல்லியிருக்கிறது. அதன் நட்ட நடுவில் 'ஜே_ஸ்ப்ளிட்' என்று ஒன்று குந்திக்கொண்டிருக்கிறது. எந்த ஸ்டாண்டர்டிலும் கிடையாது. அது ஜெகதீசன் தன் கையால் எழுதியது. ஒரு நீள வரியைத் துண்டாக்கி, அந்தத் துண்டு நினைவகத்தில் இருக்கும் முகவரியைத் திருப்பித் தரும். தன் சொந்த ஃபைலில் வைத்திருக்க வேண்டியதை ஸ்டாண்டர்டு ஹெடரில் சொருகிவிட்டார். சோம்பேறித்தனம், வேறென்ன. அவருடைய பம்ப் கன்ட்ரோல் புரோகிராம் முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது.

விதிப்படி இது வெளியேற வேண்டும். நான் விதியை மீற முடியுமா?

ஜூன் 14, வெள்ளி

இன்று ரிவ்யூ மீட்டிங். தெளிவாகவே சொன்னேன். "சார், ஜே_ஸ்ப்ளிட்டை ஸ்டிரிங் ஹெடர்ல இருந்து எடுத்து தனி ஃபைல்ல வெக்கறேனுங்க. அதைக் கூப்பிடற புரோகிராமெல்லாம் இனிமே அந்தத் தனி ஃபைலைச் சேர்த்துக்கோணும்."

அவர் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். "ம்ம், பண்ணு பண்ணு. கூட்டறதுக்கெல்லாம் என்னையக் கேக்கோணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி நடக்கப் போவதை எழுதிவைக்கிறேன். எனக்கே படித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

எழுதிய புரோகிராமை மெஷினில் ஓடுகிற வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர்; அப்படி மாற்றி முடிப்பதுதான் பில்ட். ஹெடரில் பெயர் இல்லாத ஃபங்ஷனை யாராவது கூப்பிட்டால் எங்கள் பழைய கம்பைலர் நிற்காது. ஒரு வார்னிங் கொடுத்துவிட்டு, இது சாதாரண எண்ணைத்தான் திருப்பித் தரும் என்று தானே ஊகித்துக்கொண்டு போய்விடும். ஜெகதீசனுக்கு வார்னிங் என்றாலே எரிச்சல். தன் புரோகிராமில் எல்லா வார்னிங்கையும் வாயடைத்து வைத்திருக்கிறார். ஆக, அவருக்கு ஒன்றும் தெரியாது. வரப்போகும் முகவரியோ பெரிய எண். ஊகித்த இடத்தில் அதன் பாதிதான் அடங்கும். போன் நம்பரில் கடைசி ஐந்து இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்ட மாதிரி. டெஸ்டிங் ரூமில் இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டில் முகவரியே சிறியது, பாதி போதும், எல்லாம் சரியாக ஓடும். புது பம்பில் இருக்கும் பெரிய சர்க்யூட் போர்டிலும் முதலில் ஓடும். சில மணி நேரம் ஓடி, நினைவகம் நிறைய நிறைய முகவரி பெரிதாகும். அப்போது பம்ப் தவறான இடத்தைப் போய்த் தொடும். உறைந்து நின்றுவிடும்.

இருபத்தெட்டாம் தேதி வாடிக்கையாளர்கள் முன்னால் நாள் முழுக்க டெமோ. டையெல்லாம் கட்டிக்கொண்டு மேடையில் நிற்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே பம்ப் நிற்கும். ஏன் நின்றது என்று அவருக்கு ஏழு ஜென்மத்துக்கும் தெரியாது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

நான் என்ன செய்தேன்? ஒன்றுமில்லை. ஸ்டாண்டர்டு சொன்னதைச் செய்தேன். சொல்லிவிட்டும் செய்தேன்.

இன்றைக்குப் பாயசம் வைத்தேன். "என்ன விசேஷம்?" என்றார் சிவராஜ். சும்மாதான் என்றேன்.

ஜூன் 17, திங்கள்

சிவராஜுக்கு என் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. "அந்த ஆளோட எதையோ வெச்சுட்டிருக்கற. போச்சாது விடு புள்ள. அவன் ஒரு ஆளுன்னு..."

"உங்க பட்டறை போர்டுல உங்க பேரை அழிச்சிட்டு எவனோ அவன் பேரை எழுதினா விட்டுருவீங்களா?"

யோசித்தார். "ஸ்பேனர்லயே போட்டிருப்பன்" என்றார். இருவரும் சிரித்தோம்.

தருணின் பள்ளி பெல்ட் பக்கிள் போய்விட்டது. புதிது வாங்க வேண்டும்.

ஜூன் 19, புதன்

டெஸ்டிங் ரூம் இசக்கிமுத்து மதியம் என் மேஜைக்கு வந்தான். திருநெல்வேலிக்காரன். பம்புகளைக் கையால் தொட்டு ஓட்டிப் பார்ப்பவன் இந்தக் கம்பெனியில் அவன் ஒருவன்தான். கையில் முறுக்குப் பொட்டலம்.

"ஏக்கா, சங்கதி தெரியுமா? ஆடிட் அன்னைக்கு பண்ணுத பில்டை அப்படியே ரெண்டு புது பம்புல போட்டு, மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ட்ரையலுக்கு அனுப்புதாங்க."

"டெமோவுக்கு முன்னாடியேவா?"

"ஆமாக்கா. ஜெகதீசன் சார் ஐடியா. மூணு நாள் ஆஸ்பத்திரியில ஓடிட்டுன்னு டெமோல சொல்லணுமாம். பெருமைக்கு."

"எந்த வார்டு?"

"பச்சப் பிள்ளைய இருக்குல்லா, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருப்பாங்களே, அந்த வார்டு. சொட்டு ரொம்பக் கம்மியா, அளந்து போவணுமாம். அதுக்குத்தான் நம்ம பம்பு." முறுக்கை நீட்டினான். "என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிட்டு? சாப்பிடலயா?"

தலைவலி என்றேன்.

ஜூன் 20, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. தருணுக்குத் தோசை ஊற்றினேன். அவன் தூங்கிய பிறகும் பக்கத்திலேயே படுத்திருந்தேன்.

ஜூன் 21, வெள்ளி

ஹெடரில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். தவறு சத்தமில்லாமல் நடப்பது நல்ல ஹெடருக்கு அழகல்ல. அதனால்தான் மாற்றினேன். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

ஜே_ஸ்ப்ளிட்டைத் தனி ஃபைலுக்கு மாற்றியது மாற்றியதுதான். ஆனால் பழைய இடத்தை வெறுமனே விடவில்லை. அங்கே ஒரு தடை வைத்துவிட்டேன். தனி ஃபைலைச் சேர்க்காமல் யாராவது ஜே_ஸ்ப்ளிட்டைக் கூப்பிட்டால் கம்பைலர் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இது வார்னிங் அல்ல, எரர். இதன் வாயை யாரும் அடைக்க முடியாது. பில்டே முடியாது. பில்ட் முடியாவிட்டால் பம்புக்குள் எதுவும் போகாது. வார்டுக்கும் போகாது.

அப்படி நிற்கும்போது திரையில் காட்டுவதற்கு ஒரு வாசகம் எழுதச் சொல்கிறது கம்பைலர். என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். பாதி டீயில் தோன்றியது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். டீ மாஸ்டர், "என்னங் மேடம், லாட்டரி அடிச்சிருச்சா?" என்றார்.

ஏறக்குறைய, என்றேன்.

ஜூன் 24, திங்கள்

ஆற அமர எழுத வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது.

ஆடிட்டர் வைதேகி மேடம் காலையிலேயே வந்துவிட்டார். நரைத்த தலை, பருத்திச் சேலை, அதிகம் பேசாதவர். ஆடிட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய கம்ப்யூட்டரிலும் ஏற்கெனவே இருப்பதை நம்ப மாட்டார்கள். காலியான கம்ப்யூட்டரில், அவர்கள் கண்ணெதிரே, முதலில் இருந்து எல்லாவற்றையும் பில்ட் செய்து காட்ட வேண்டும். ஜெகதீசனின் டீம் இத்தனை நாளும் பழைய ஹெடர்களைத் தங்கள் ஃபோல்டரில் நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் ஓட்டிக்கொண்டிருந்தது. சோம்பேறித்தனத்தின் அடுத்த கட்டம். அதனால் என் மாற்றம் எதையும் அவர்கள் இன்றுவரை பார்த்ததே இல்லை.

பெரிய ஹால். சுவர் நிறையத் திரை. எம்.டி. முதல் வரிசையில். ஜெகதீசன் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு, "இந்த ஹெடர்ஸ் முழுக்க என்னோட டிசைன், மேடம். ஒவ்வொரு ஃபைல்லயும் பார்க்கலாம்" என்றார். வைதேகி மேடம் ஃபைல்களின் தலையை ஒன்றிரண்டு பார்த்துத் தலையசைத்தார்.

பில்ட் ஆரம்பித்தது. என் பகுதி எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு பம்ப் கன்ட்ரோல். முதல் எரர் வந்தது. சிவப்பில், ஆங்கிலத்தில், ஒரே வரி. தமிழில் இப்படி: 'ஜே_ஸ்ப்ளிட் எந்த ஸ்டாண்டர்டிலும் இல்லை. எழுதியவர்: ஜெகதீசன்.'

அடுத்தது. 'எழுதியவர்: ஜெகதீசன்.' அதற்கு அடுத்தது. அந்த ஃபங்ஷனை அவர் எங்கெங்கே கூப்பிட்டிருந்தாரோ அங்கெல்லாம். திரை மேலே மேலே ஓடுகிறது, பெயர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பின்வரிசையில் இசக்கிமுத்து கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஜெகதீசனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "நிறுத்துங்கப்பா! நிறுத்து! கோகி, என்னம்மா இது? என்ற பேரை எதுக்குப் போட்ட?"

"ஃபைல் தலையில நீங்களே போட்டதுங்க சார். அதை அப்படியே எடுத்துப் போட்டேன்."

எம்.டி. திரும்பிப் பார்த்தார். "ஜெகதீசன், ஸ்டாண்டர்டு ஹெடருக்குள்ள இதை எதுக்கு வெச்சீங்க? இது உங்க வேலைதானா?"

அந்த நொடியில் அந்த ஆள் என்ன செய்திருக்க வேண்டும்? ஆமாம், தவறு, சரிசெய்கிறேன் என்றால் முடிந்தது. சின்ன விஷயம். ஆனால் ஒரு பழிகூடத் தன் மேல் விழக்கூடாது என்றே வாழ்ந்த மனுஷன். பதறிக்கொண்டு சொன்னார். "இல்லீங்க சார்! அந்த ஃபைலை நான் எழுதவே இல்லீங்க. மேல பேரு மட்டும்தான் என்னுது. எல்லாத்துலயும் சும்மா அப்படிப் போட்டிருக்குது, அவ்வளவுதான்."



வைதேகி மேடம் பேனாவை மூடினார். "ஒரு நிமிஷம், மிஸ்டர் ஜெகதீசன். இப்பதான் எல்லா ஃபைலும் உங்களோடதுன்னு சொன்னேள். இப்ப பேர் மட்டும்தான்னு சொல்றேள். அப்போ நீங்க எழுதினது எது, எழுதாதது எது? எனக்குத் தெரிஞ்சாகணும். நாளைக்கு ஒரு பம்ப் நின்னா நாங்க யாரைக் கேக்கறது?"

 ஜெகதீசன் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷம் எதற்கெடுத்தாலும் திரும்புவது போலவே. "கோகி, நீ சொல்லும்மா."

எழுந்து நின்றேன்.

"ஜே_ஸ்ப்ளிட் இருக்கற அந்த ஒரு ஃபைலை எழுதினது நீங்கதானுங்க சார். மத்ததெல்லாம்தான் நீங்க எழுதாதது."

யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் நன்றாக இருந்தது. எம்.டி. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "மத்ததெல்லாம் யாரு?" என்றார். ஜெகதீசனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாயால் வர வேண்டும்.

வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, "கோகிலவாணி" என்றார். கோகி இல்லை. முழுப் பெயர்.

வீட்டுக்கு வந்து சிவராஜிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அவர் முதல் தடவை கேட்பது போலவே கேட்டார்.

ஜூன் 25, செவ்வாய்

இன்று பம்ப் வார்டுக்குப் போகவில்லை. இருபத்தெட்டாம் தேதி டெமோவும் தள்ளிப்போனது. ஜே_ஸ்ப்ளிட் இருக்கும் இடமெல்லாம் ஜெகதீசனே உட்கார்ந்து திருத்த வேண்டும் என்று எம்.டி. உத்தரவு. வார்னிங்கும் திறந்து வைக்க வேண்டுமாம். காலையில் இருந்து திருத்துகிறார். திருத்தியதும் பில்ட் செய்கிறார். செய்ததும் திரையில் அவர் பெயர் வருகிறது. நான் அந்தப் பக்கமாகத் தண்ணீர் பிடிக்கப் போனேன். பாட்டில் ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

"அந்த வாசகத்துல பேரை மட்டும் எடுத்துரேன் கோகி... கோகிலவாணி" என்றார் மெதுவாக.

"பேர்ல என்னங்க சார் இருக்குது?" என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

எல்லா ஃபைலிலும் என் பெயர் திரும்பி வந்தது. அவர் அன்று போட்ட மாதிரியே ஒரே கட்டளை. கண் இமைக்கும் நேரம். இவ்வளவு சுலபமா என்று கோபம்கூட வந்தது.

ஒரு ஃபைலை மட்டும் விட்டுவிட்டேன். எந்த ஸ்டாண்டர்டிலும் சேராததை எல்லாம் தள்ளிவைத்த அந்தத் தனி ஃபைல். அதன் தலையில் அவர் பெயர் அப்படியே இருக்கிறது. ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

ரிசப்ஷனில் ஃபோட்டோவைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

பம்புகளை வார்டில் பொருத்த இசக்கிமுத்து போனான். "நீங்களும் வாங்கக்கா" என்றான். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. போனேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவிவிட்டு உள்ளே போனால் அதே மருந்து வாடை, அதே டிக் டிக். பெட்டிக்குள் ஒரு குழந்தை. உள்ளங்கையளவு கால். எங்கள் பம்ப் அதற்குச் சொட்டு ஏற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதன் அம்மா, சின்னப் பெண், பொள்ளாச்சிப் பக்கம் போல.

"ஏனுங்கக்கா, புது மிசினுங்களா? நடுவால நின்னுகின்னு போயிராதுங்களே?"

"நிக்காது கண்ணு" என்றேன். இசக்கிமுத்து கிளம்பலாம் என்றான். பாட்டில் முடிகிறவரை நான் நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஆடிட் ஹாலில் அந்த ஆள் முகம் வெளுத்தது நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு இன்னும் இனிக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. வார்டில் நின்றபோது மட்டும் இனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டில் ஜூன் 14 பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். பாயசம் வைத்த நாள். கிழித்துப் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். கிழித்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கிழிக்கவில்லை. பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தின் தலையில் 'எழுதியவர்: கோகிலவாணி' என்று எழுதினேன்.